அடைப்பு நுரையீரல் நோய்களில் நுரையீரல் கொள்ளளவு அளவீடு

அடைப்பு நுரையீரல் நோய்களில் நுரையீரல் கொள்ளளவு அளவீடு என்பது, மூச்சுக்குழல்கள் குறுகியதால் காற்றை எளிதில் வெளிவிட இயலாதவர்களின் நுரையீரலில் மொத்தம் எவ்வளவு காற்று உள்ளது என்பதைக் கண்டறியும் முறைகளைக் குறிக்கும். ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, எம்பிசீமா ஆகியவை அடைப்பு நோய்களுள் முதன்மையானவை. பின்னிரண்டும் சேர்ந்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என அழைக்கப்படுகின்றன.

நலமான ஒருவரின் நுரையீரலை எந்த முறையால் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விடை கிடைக்கும். அடைப்பு நோயில் அவ்வாறில்லை. ஒரே நாளில் ஒரே நோயாளியை இரு முறைகளால் அளந்தால், விடைகள் ஒரு லிட்டருக்கும் மேல் வேறுபடக்கூடும். எந்த முறையால் அளக்கப்பட்டது என்பதை அறியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கூற இயலாது.

நுரையீரலின் கொள்ளளவுகள்

நுரையீரலில் உள்ள காற்று, மூச்சின் நிலையைப் பொறுத்துப் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. இக்கட்டுரைக்குத் தேவையானவை பின்வருமாறு:

- மூச்சுக்காற்று அளவு: இயல்பாக ஒருமுறை மூச்சு விடும்போது உட்சென்று வெளிவரும் காற்று. ஓய்வில் ஏறத்தாழ அரை லிட்டர்.
- உயிர்ப்புத்திறன்: முழுவதும் மூச்சை இழுத்தபின் வெளிவிடக்கூடிய அதிக அளவுக் காற்று.
- எஞ்சிய கொள்ளளவு: முயன்று வெளிவிட்ட பின்னரும் நுரையீரலில் தங்கிவிடும் காற்று.
- செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு: இயல்பான வெளிமூச்சின் முடிவில் நுரையீரலில் இருக்கும் காற்று.
- உட்சுவாசத் திறன்: இயல்பான வெளிமூச்சின் முடிவிலிருந்து மேலும் இழுக்கக்கூடிய அதிக அளவுக் காற்று.
- மொத்த நுரையீரல் கொள்ளளவு: முழுவதும் மூச்சை இழுத்த நிலையில் நுரையீரலில் இருக்கும் காற்று.

இவற்றுக்கிடையே இரண்டு எளிய சமன்பாடுகள் உள்ளன:

மொத்தக் கொள்ளளவு = செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு + உட்சுவாசத் திறன்

எஞ்சிய கொள்ளளவு = மொத்தக் கொள்ளளவு − உயிர்ப்புத்திறன்

உட்சுவாசத் திறனும் உயிர்ப்புத்திறனும் வாய்வழியே சென்று வருபவை. ஆகவே அவற்றை நேரடியாக அளக்கலாம். செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவை மட்டும் வேறொரு வழியில் கண்டறிந்துவிட்டால், மற்ற இரண்டையும் இச்சமன்பாடுகளால் பெறலாம். கீழே விளக்கப்படும் வளிம முறைகளும் உடற்பெட்டி முறையும் இந்த ஓர் அளவைக் கண்டறியவே உருவாக்கப்பட்டவை.

அடைப்பு நோயில் காற்று சிறைப்படுதல்

நுரையீரலிலிருந்து காற்று வெளியேறும் விரைவை இரண்டு பண்புகள் தீர்மானிக்கின்றன. ஒன்று மூச்சுக்குழல்களின் தடை. மற்றொன்று நுரையீரல் எவ்வளவு எளிதில் விரிகின்றது என்னும் இணக்கம். இவ்விரண்டின் பெருக்கற்பலன் நேர மாறிலி ஆகும். மின்னியலில் ஒரு மின்தடையின் வழியே மின்தேக்கி தன் மின்னூட்டத்தை இழக்கும் விதத்தை இதனுடன் ஒப்பிடலாம்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் நிமிடத்திற்கு 15 முறை மூச்சு விடுகிறார் எனவும், ஒவ்வொரு முறையும் வெளிமூச்சிற்கு 2.5 நொடி கிடைக்கின்றது எனவும் கொள்வோம். நேர மாறிலி 0.4 நொடியாக இருந்தால், உள்ளே சென்ற காற்று ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிடும். தடை மிகுந்து நேர மாறிலி 1.5 நொடியாகிவிட்டால், அதே 2.5 நொடியில் 19 விழுக்காடு வெளியேறாமல் தங்கிவிடும். அவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு விரைவாகி, வெளிமூச்சிற்கு 1.2 நொடி மட்டுமே கிடைத்தால் 45 விழுக்காடு தங்கிவிடும். முந்தைய மூச்சுக்காற்று வெளியேறும் முன்பே அடுத்தது உள்ளே வருவதால் நுரையீரல் படிப்படியாக உப்புகின்றது. நுரையீரல் விரியும்போது அதன் மீள்விசை கூடும். மூச்சுக்குழல்களும் சற்றே அகலும். உட்செல்லும் காற்றும் வெளிவரும் காற்றும் சமமாகும் நிலையில் இந்த உப்பல் நின்றுவிடும். இது இயங்குநிலை மிகைவிரிவு எனப்படும்.

எம்பிசீமாவில் மற்றொரு காரணமும் சேர்கின்றது. காற்று நுண்ணறைகளின் சுவர்கள் அழிவதால் நுரையீரல் தன் மீள்தன்மையை இழக்கின்றது. சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றியிருந்து இழுத்துத் திறந்து வைக்கும் திசுக்களும் குறைவதால், வெளிமூச்சின்போது அக்குழல்கள் மூடிக்கொள்கின்றன. அவற்றிற்கு அப்பால் உள்ள காற்று சிறைப்பட்டுவிடுகின்றது.

மிகைவிரிவு அடைந்த நுரையீரலில் உதரவிதானம் தட்டையாகி வலிமை குன்றுகின்றது. மேலும் இழுப்பதற்கு மார்பில் இடமும் இராது. அதனால்தான் இந்நோயாளிகள் பலர், காற்றை வெளிவிட முடியவில்லை என்று கூறாமல், உள்ளே இழுக்க முடியவில்லை என்று கூறுகின்றனர்.

மூச்சளவியின் எல்லை

நுரையீரல் ஆய்வுகளில் மிகவும் பரவலாகப் பயன்படுவது ஸ்பைரோமீட்டர் எனப்படும் மூச்சளவி ஆகும். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவையும், விசையுடன் ஊதும்போது வெளிவரும் மொத்தக் காற்றின் அளவையும் இது தருகின்றது. முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் உள்ள விகிதம் குறைவாக இருந்தால் அடைப்பு உள்ளது எனக் கொள்ளப்படும்.

ஆயினும் மூச்சளவி வாயைக் கடந்து செல்லும் காற்றை மட்டுமே அறியும். உள்ளே தங்கிவிட்ட காற்று அதற்குப் புலப்படாது. இதனால் ஒரு குழப்பம் எழுகின்றது. உயிர்ப்புத்திறன் குறைவதற்கு இரண்டு நேரெதிரான காரணங்கள் இருக்கலாம். நுரையீரலே சுருங்கியிருக்கலாம், அல்லது நுரையீரல் பெரிதாக இருந்தும், அதில் பெரும்பகுதியைச் சிறைப்பட்ட காற்று நிறைத்திருக்கலாம். கனடாவில் 1,831 பேரின் அளவீடுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வொன்றில், மூச்சளவியின்படி சுருக்க நோய் எனத் தோன்றியவர்களுள் 60 விழுக்காட்டிற்கும் குறைவானவர்களிடமே அது கொள்ளளவு அளவீட்டால் உறுதிப்பட்டது.

அளவிடும் முறைகள்

ஒப்பிடுவதற்காக ஓர் எடுத்துக்காட்டு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் எம்பிசீமா உடைய அறுபது வயது ஆண் எனவும், இவரது உண்மையான அளவுகளும் இவரையொத்த நலமானவரிடம் எதிர்பார்க்கப்படும் அளவுகளும் பின்வருமாறு எனவும் கொள்வோம்:

- மொத்தக் கொள்ளளவு: எதிர்பார்ப்பு 6.5 லிட்டர், நோயாளி 7.5 லிட்டர்
- செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு: எதிர்பார்ப்பு 3.4 லிட்டர், நோயாளி 5.0 லிட்டர்
- எஞ்சிய கொள்ளளவு: எதிர்பார்ப்பு 2.2 லிட்டர், நோயாளி 4.5 லிட்டர்
- உயிர்ப்புத்திறன்: எதிர்பார்ப்பு 4.3 லிட்டர், நோயாளி 3.0 லிட்டர்
- உட்சுவாசத் திறன்: எதிர்பார்ப்பு 3.1 லிட்டர், நோயாளி 2.5 லிட்டர்

ஹீலியம் கலப்பு முறை

ஹீலியம் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரையும் வளிமம். ஆதலால் நுரையீரலுக்குள் சென்ற ஹீலியம் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே இருக்கும். அளவு தெரிந்த ஒரு மூடிய கலனில் ஹீலியம் கலந்த காற்றை நிரப்பி, இயல்பான வெளிமூச்சின் முடிவில் நோயாளியை அதனுடன் இணைக்கின்றனர். அவர் தொடர்ந்து மூச்சு விடும்போது ஹீலியம் கலனிலும் நுரையீரலிலும் சமமாகப் பரவி, அதன் செறிவு குறையும். வெளிவரும் கரியமில வாயு வேதிப்பொருளால் உறிஞ்சப்படும். செலவாகும் ஆக்சிஜன் ஈடுசெய்யப்படும். செறிவு மாறாத நிலையை அடைந்ததும் கணக்கிடலாம்:

நுரையீரலின் அளவு = கலனின் அளவு × (தொடக்கச் செறிவு − இறுதிச் செறிவு) ÷ இறுதிச் செறிவு

கலன் 3 லிட்டர், தொடக்கச் செறிவு 10 விழுக்காடு, இறுதிச் செறிவு 5 விழுக்காடு எனில் நுரையீரலின் அளவு 3 லிட்டர் ஆகும்.

நம் எடுத்துக்காட்டு நோயாளியிடம் ஹீலியம் முழுவதும் பரவினால் செறிவு 3.75 விழுக்காடாகக் குறைந்து, 5.0 லிட்டர் என்னும் சரியான விடை கிடைக்கும். ஆனால் அவரது நுரையீரலில் 1.5 லிட்டர் பகுதி மூடிய குழல்களுக்கு அப்பால் உள்ளது எனவும், ஹீலியம் அங்கு செல்லவில்லை எனவும் கொள்வோம். செறிவு 4.6 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். கணக்கு 3.5 லிட்டர் என விடை தரும்.

நைட்ரஜன் வெளியேற்ற முறை

இம்முறையில் வளிமத்தை உட்செலுத்துவதற்குப் பதிலாக, நுரையீரலில் முன்பே உள்ள நைட்ரஜன் வெளியேற்றப்படுகின்றது. நோயாளி தூய ஆக்சிஜனை மூச்சிழுக்கிறார். ஒவ்வொரு வெளிமூச்சிலும் வரும் நைட்ரஜன் அளந்து கூட்டப்படுகின்றது. அதன் செறிவு 1.5 விழுக்காட்டிற்குக் கீழ் வந்து, தொடர்ந்து மூன்று மூச்சுகளுக்கு அவ்வாறே இருந்தால் சோதனை நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். தொடக்கத்தில் நுரையீரல் காற்றில் நைட்ரஜன் ஏறத்தாழ 80 விழுக்காடு இருக்கும். எனவே 2 லிட்டர் நைட்ரஜன் வெளிவந்தால், நுரையீரலின் அளவு 2 ÷ 0.8 = 2.5 லிட்டர் ஆகும்.

ஹீலியம் செல்லாத இடத்திலிருந்து நைட்ரஜனும் வெளிவராது. ஆகையால் இம்முறைக்கும் அதே குறை உண்டு. சோதனை நேரத்தை நீட்டித்தால் மெதுவாகக் காற்றோடும் பகுதிகள் ஓரளவு கணக்கில் வரும். முற்றிலும் மூடிய பகுதிகள் வாரா.

உடற்பெட்டி முறை

உடல் பிளெத்திஸ்மோகிராஃப் எனப்படும் கருவி, ஓர் ஆள் அமரக்கூடிய காற்றுப்புகாப் பெட்டி ஆகும். இதன் அடிப்படை பாயில் விதி. வெப்பநிலை மாறாதபோது, ஒரு வளிமத்தின் அழுத்தம், கனஅளவு ஆகியவற்றின் பெருக்கற்பலன் மாறாது.

நோயாளி பெட்டிக்குள் அமர்ந்து, மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாய்க்குழலின் வழியே மூச்சு விடுகிறார். இயல்பான வெளிமூச்சின் முடிவில் வாய்க்குழலில் உள்ள மூடி சில நொடிகள் அடைக்கப்படும். அடைபட்ட மூடிக்கு எதிராக அவர் மெல்ல மூச்சிழுக்கவும் விடவும் முயல்கிறார். இழுக்க முயலும்போது மார்பு சிறிது விரிகின்றது. நுரையீரலில் உள்ள காற்றின் அழுத்தம் குறைகின்றது. பெட்டியில் உள்ள காற்று நெருக்கப்பட்டு அதன் அழுத்தம் உயர்கின்றது. மார்பு எவ்வளவு விரிந்தது என்பதைப் பெட்டியின் அழுத்தம் காட்டும். நுரையீரலின் அழுத்தம் எவ்வளவு மாறியது என்பதை வாயில் உள்ள உணரி காட்டும்.

நுரையீரலின் அளவு = (மார்பின் கனஅளவு மாற்றம் ÷ வாயின் அழுத்த மாற்றம்) × (வளிமண்டல அழுத்தம் − நீராவி அழுத்தம்)

கடல்மட்டத்தில் கடைசி அடைப்புக்குறியின் மதிப்பு ஏறத்தாழ 970 செ.மீ. நீர் அழுத்தம். நம் நோயாளியிடம் மார்பு 51.5 மில்லிலிட்டர் விரிந்து, வாயில் அழுத்தம் 10 செ.மீ. மாறினால், விடை 5.0 லிட்டர் ஆகும். காற்று மூச்சுக்குழலுடன் தொடர்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது விரியவும் நெருங்கவும் செய்யும். எனவே சிறைப்பட்ட காற்றும் இக்கணக்கில் சேர்கின்றது. அடைப்பு நோய்களில் இம்முறை விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

கணினி அலகீட்டு வரைவி

சி.டி. எனப்படும் கணினி அலகீட்டு வரைவியின் படங்களிலிருந்தும் நுரையீரலின் அளவைக் கணிக்கலாம். எப்பகுதியில் எம்பிசீமா மிகுதி என்பதையும் இது காட்டும். ஆயினும் கதிர்வீச்சு உண்டு. நோயாளி படுத்த நிலையில் இருப்பதாலும், முழுவதும் மூச்சிழுத்தாரா என்பது உறுதியின்மையாலும், அமர்ந்த நிலை அளவீடுகளுடன் இதனை அப்படியே ஒப்பிட இயலாது.

உடற்பெட்டி முறையில் நேரும் பிழை

உடற்பெட்டி அளவும் எப்போதும் சரியானதன்று. மூடி அடைபட்டிருக்கும்போது வாயின் அழுத்த மாற்றமும் காற்று நுண்ணறைகளின் அழுத்த மாற்றமும் சமம் என்பது இம்முறையின் எடுகோள். கடுமையான அடைப்பில் இது பொய்த்துப்போகலாம்.

கன்னங்களும் தொண்டையும் சிறிது விரியக்கூடியவை. அவற்றை நிரப்ப ஓரளவு காற்று குறுகிய மூச்சுக்குழல்களைக் கடந்து வரவேண்டும். நோயாளி விரைந்து மூச்சு வாங்கினால் அதற்குள் நேரம் போதாது. மின்னியல் மொழியில் கூறினால், குழல்களின் தடையும் கன்னங்களின் இணக்கமும் சேர்ந்து, தாழ் அலைவெண்களை மட்டும் கடத்தும் வடிகட்டியாகச் செயற்படுகின்றன. நுண்ணறையில் 10 செ.மீ. மாற்றம் ஏற்பட்டாலும் வாயில் 8 செ.மீ. மட்டுமே பதிவாகலாம். அப்போது 5.0 லிட்டர் நுரையீரல் 6.2 லிட்டராகத் தோன்றும். 1982இல் ரோடென்ஸ்டீன், ஸ்டெனஸ்கு, ஃபிரான்சிஸ் ஆகியோர் வாயின் அழுத்தத்தை உணவுக்குழாயின் அழுத்தத்துடன் ஒப்பிட்டு இப்பிழையை எடுத்துக்காட்டினர்.

இதனைத் தவிர்க்க இரண்டு எளிய வழிகள் உள்ளன. நோயாளி தன் கன்னங்களை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு முயற்சி நொடிக்கு அரை முதல் ஒரு முறை என்னும் அளவில் மெதுவாக இருக்க வேண்டும். அமெரிக்க மார்பு நோய்க் கழகமும் ஐரோப்பிய மூச்சியல் கழகமும் இணைந்து 2005இல் வெளியிட்ட நெறிமுறைகள் இந்த வேகத்தையே குறிப்பிடுகின்றன. இந்நெறிமுறைகள் 2023இல் புதுப்பிக்கப்பட்டன.

உயிர்ப்புத்திறனை அளப்பதிலும் கவனம் தேவை. விசையுடன் ஊதும்போது மார்பின் அழுத்தம் சிறு குழல்களை நெருக்கி மூடுவதால், அடைப்பு நோயில் மெதுவாக விடும் மூச்சே அதிக அளவைத் தரும். எனவே எஞ்சிய கொள்ளளவைக் கணக்கிட மெதுவான உயிர்ப்புத்திறனையே பயன்படுத்த வேண்டும்.

முறைகளுக்கு இடையேயான வேறுபாடு

நம் நோயாளியின் மொத்தக் கொள்ளளவைப் பெற, செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவுடன் உட்சுவாசத் திறன் 2.5 லிட்டரைக் கூட்ட வேண்டும். எஞ்சிய கொள்ளளவைப் பெற, அதிலிருந்து உயிர்ப்புத்திறன் 3.0 லிட்டரைக் கழிக்க வேண்டும். முடிவுகள் பின்வருமாறு அமையும்:

- ஹீலியம் முறை: மொத்தக் கொள்ளளவு 6.0 லிட்டர் (எதிர்பார்ப்பில் 92 விழுக்காடு). எஞ்சிய கொள்ளளவு 3.0 லிட்டர் (136 விழுக்காடு)
- உடற்பெட்டி முறை: மொத்தக் கொள்ளளவு 7.5 லிட்டர் (115 விழுக்காடு). எஞ்சிய கொள்ளளவு 4.5 லிட்டர் (205 விழுக்காடு)
- விரைந்து மூச்சு வாங்கியபோது உடற்பெட்டி முறை: மொத்தக் கொள்ளளவு 8.7 லிட்டர் (134 விழுக்காடு). எஞ்சிய கொள்ளளவு 5.7 லிட்டர் (259 விழுக்காடு)

முதல் விடையை மட்டும் காண்பவர் இவரது நுரையீரல் இயல்பான அளவு உடையது எனக் கருதுவார். சரியாகச் செய்யப்பட்ட இரு அளவீடுகளுக்கும் இடையேயான 1.5 லிட்டர் வேறுபாடும் வீணான எண் அன்று. காற்றோட்டத்தில் பங்குகொள்ளாத பகுதியின் அளவை அது தெரிவிக்கின்றது.

அளவீட்டின் பயன்கள்

எம்பிசீமாவால் மிகவும் கெட்டுப்போன பகுதிகளை நீக்கி, எஞ்சிய நுரையீரலுக்கு இடமளிக்கும் அறுவை மருத்துவம் உள்ளது. இதனை ஆராய்ந்த அமெரிக்க தேசிய எம்பிசீமா சிகிச்சை ஆய்வு 1,218 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, அதன் முதன்மை முடிவுகள் 2003இல் வெளியாயின. அவ்வாய்வில் சேர, மொத்தக் கொள்ளளவு எதிர்பார்ப்பில் 100 விழுக்காட்டிற்கும், எஞ்சிய கொள்ளளவு 150 விழுக்காட்டிற்கும் குறையாமல் இருக்க வேண்டும். நம் நோயாளி உடற்பெட்டி அளவின்படி இந்த இரு வரம்புகளையும் நிறைவு செய்வார். ஹீலியம் அளவின்படி இரண்டிலும் தவறிவிடுவார். அறுவையின்றி மூச்சுக்குழலுக்குள் ஒருவழித் தடுக்கிதழ்களைப் பொருத்தும் முறைக்கும் (அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்றது) எஞ்சிய கொள்ளளவு முதன்மையான தேர்வு அளவுகளுள் ஒன்றாகும்.

உட்சுவாசத் திறனுக்கும் மொத்தக் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம் 25 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் உள்ள நாட்பட்ட அடைப்பு நோயாளிகளிடம் இறப்பு வாய்ப்பு மிகுதி என 2005இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. இவ்விகிதத்தின் கீழ்ப்பகுதி தவறாகக் குறைந்தால் விகிதம் உயர்ந்து, நோயின் கடுமை மறைந்துவிடும். நம் நோயாளியின் உண்மையான விகிதம் 33 விழுக்காடு. ஹீலியம் அளவின்படி அது 42 விழுக்காடு.

மருந்தின் பயனை அறியவும் இவ்வளவீடு உதவும். மூச்சுக்குழல் விரிப்பு மருந்து கொடுத்தபின் சிலருக்கு முதல் நொடிக் காற்றின் அளவு பெரிதும் மாறாது. எனினும் சிறைப்பட்ட காற்று குறைந்து, உட்சுவாசத் திறன் கூடி, அவர் முன்னைவிட எளிதாக நடப்பார். மூச்சளவியின் முதல் நொடி அளவை மட்டும் நோக்கினால், மருந்து பயனளிக்கவில்லை எனத் தவறாக முடிவு செய்ய நேரும்.

எதிர்பார்க்கப்படும் அளவுகள் வயது, உயரம், பால் ஆகியவற்றைச் சார்ந்தவை. உலக நுரையீரல் செயற்பாட்டு முனைப்பு 2021இல் வெளியிட்ட கொள்ளளவுச் சமன்பாடுகள் ஐரோப்பிய மரபினரின் தரவுகளைக் கொண்டவை. ஆகவே தெற்காசிய மக்களுக்கு அவற்றைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை.

வரலாறு

ராபர்ட் பாயில் 1662இல் தன் விதியை வெளியிட்டார். ஹம்பிரி டேவி 1800இல் ஹைட்ரஜனை மூச்சிழுத்துத் தன் நுரையீரலில் எஞ்சும் காற்றை அளந்ததை விவரித்தார். வளிமக் கலப்பு முறையின் தொடக்கம் இதுவே எனலாம். இலண்டனில் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தன் மூச்சளவியால் அளந்து, 1846இல் உயிர்ப்புத்திறன் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்.

நைட்ரஜன் வெளியேற்ற முறையை ராபர்ட் டார்லிங், ஆந்திரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1940இல் விவரித்தனர். இவர்களுள் கூர்னானும் ரிச்சர்ட்ஸும் இதயத்தினுள் குழாய் செலுத்தும் ஆய்வுகளுக்காக, வெர்னர் ஃபோர்ஸ்மனுடன் 1956ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். ஹீலியம் முறையை ஜார்ஜ் மெனீலி, நோலன் கால்ட்ரைடர் ஆகியோர் 1940களில் உருவாக்கினர். ஆர்தர் டுபோய்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956இல் விவரித்த உடற்பெட்டி முறையே இன்றைய கருவிகளுக்கு அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- நுரையீரல்
- மூச்சுவிடுதல்
- பாயில் விதி
- ஆஸ்துமா
- ஹீலியம்